கரண்ட் இல்லாத கோயில் காட்டில், மே மாத வெயிலில் மூன்று இரவுகள்

கோவையிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் வழிக் குலதெய்வக் கோயில் ராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில், ஊரைவிட்டுத் தள்ளி, ஒரு கண்மாய்க் கரையோரம் இருக்கிறது. பல வருடங்களுக்குப் பிறகு இந்த மே மாதம் சாமி கும்பிடு வைத்திருக்கிறார்கள். பங்காளிகள் ஐந்து குடும்பம், மொத்தம் இருபத்தைந்து பேர். மூன்று இரவு அங்கேயே தங்கல். கரண்ட் கிடையாது. இரண்டு வேப்ப மரம், ஒரு புளிய மரம், மற்றபடி சுற்றிலும் சீமைக் கருவேலம்.

கூட வருபவர்களில் மாமனாருக்கு 71 வயது. ரத்தக் கொதிப்புக்கு, சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் நீர் மாத்திரை சேர்ந்த மருந்து சாப்பிடுகிறார். நேர்த்திக்கடனாக வெறுங்காலோடு பால்குடம் எடுக்கப்போகிறார், அதுவும் நடுப்பகலில். மாமியாருக்குச் சர்க்கரை, இரவில் இன்சுலின் ஊசி. நாத்தனாருக்கு ஆறாம் மாதம். வாசகியின் மகனுக்கு ஐந்து வயது. இவர் ஆன்லைனில் இரண்டு கூடாரங்களும் சார்ஜ் போடும் ஃபேன்களும் வாங்கிவிட்டார். கூடாரத்துக்குள் ஈரத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடலாம், தாங்க முடியாவிட்டால் காரில் ஏசி போட்டு மாமனாரையும் பையனையும் படுக்க வைக்கலாம், குளுக்கோஸ் பொடியும் பாராசிட்டமாலும் கையில் இருக்கும், மூன்று நாளைக்கு மாமனாரின் நீர் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது அவருடைய திட்டம். "சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று மாமியார் பயப்படுகிறார், அது உண்மையா? எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாமா, வேண்டாமா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, மற்றவர்கள் ஆட்டுக்கும் பந்தலுக்கும் கணக்குப் போடும்போது நீங்கள் ஆட்களின் உடம்பைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள். அது பெரிய விஷயம். உங்கள் திட்டத்தில் சில நல்லவை, சில பயன் தராதவை, இரண்டு உயிருக்கே ஆபத்தானவை. ஆபத்தானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிற்கும் காரில் யாரும் தூங்கக் கூடாது. புகைக்குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும், வண்டியின் பின்பக்கம் மண்மேட்டிலோ புதரிலோ அடைத்துக்கொண்டிருந்தாலும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே நினைவு தப்பிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பையனை உள்ளே விட்டால் இன்னொரு ஆபத்து. வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். காரை வேறு விதமாகப் பயன்படுத்தலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது, மருந்தை நீங்களாக நிறுத்துவது. அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் உடம்பு எப்படிக் குளிர்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாக இருந்தால், காற்றுக்கு நம் சூட்டை விட முடியாது; காற்றுதான் நமக்குச் சூடு ஏற்றும். அப்போது உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை உலர்வது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் இந்தப் பலன் கிடையாது. ஆகவே நமக்கு வேண்டியவை மூன்று: நேர் வெயில் படாத நிழல், தோலில் ஈரம், அந்த ஈரத்தை எடுத்துப்போகும் காற்று. கரண்ட் இல்லாமலே இந்த மூன்றையும் ஏற்பாடு செய்ய முடியும். நீங்கள் போகும் பகுதியில், கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளி, மதிய நேரத்தில் காற்று வறண்டிருக்கும். அது நமக்குச் சாதகம். கடலோரக் கிராமம் என்றால், காற்றிலேயே ஈரம் இருப்பதால் இதே வழிகள் பாதிப் பலன்தான் தரும்.

கூடாரத்தை நம்ப வேண்டாம்

நீங்கள் வாங்கிய கூடாரம் மழைக்கும் குளிருக்கும் செய்தது. நைலான் துணி வெயிலில் காய்ந்து, உள்ளே இருக்கும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மே மாதப் பகலில் உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட மோசம். அதற்குள் ஈரத் துண்டுகளையும் தொங்கவிட்டால், உள்காற்றில் ஈரம் ஏறி, வியர்வை உலர்வதும் நின்றுபோகும். புழுக்கம்தான் மிஞ்சும். கூடாரத்தைத் துணி மாற்றவும் சாமான் வைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் அடுப்பு வேண்டாம், உள்ளே விளக்கோ கரி அடுப்போ கொண்டுபோகவே வேண்டாம்.

பகலில் தங்குவதற்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போடச் சொல்லுங்கள். உள்ளூர்ப் பங்காளி ஒருவரிடம் சொன்னால் ஒரு நாளில் ஆகிற வேலை. நான்கு பக்கமும் திறந்து, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு மேல் கூரை இருக்க வேண்டும். நீலத் தார்ப்பாய் ஒன்றை மட்டும் கட்டினால், அது சூடேறி, அந்தச் சூட்டை நம் தலைமேல் இறக்கும். தார்ப்பாய்தான் கிடைக்கும் என்றால் இரண்டு அடுக்காக, நடுவில் ஒரு அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மேல் அடுக்கு வெயிலை வாங்கிக்கொள்ளும், இடைவெளியில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். மேலே வெள்ளைத் துணி போட்டால் இன்னும் நல்லது.

இடம் பார்க்கும்போது காலை நிழலைப் பார்த்து ஏமாற வேண்டாம். எட்டு மணிக்கு ஜில்லென்று இருக்கும் இடத்தில் மூன்று மணிக்குத் தீப்பிடிக்கிற வெயில் விழும். நம் தென் மாவட்டங்களில் ஏப்ரல் நடுவிலேயே சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடும். மே மாத உச்சியில் அது கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். பிற்பகலில் மேற்கே போகும். ஆகவே புளிய மரத்துக்குக் கிழக்கே, சற்றுத் தெற்காகப் பந்தலைப் போட்டால் பிற்பகல் முழுக்க மர நிழலும் சேர்ந்து கிடைக்கும். மேற்குப் பக்கம் மட்டும் ஒரு தட்டி கட்டுங்கள். வெட்டிவேர்த் தட்டி கிடைத்தால் அருமை, இல்லாவிட்டால் பழைய சணல் சாக்கைப் பிரித்துக் கட்டி, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளியுங்கள். காற்று அதன் வழியாக உள்ளே வந்து எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். நீங்கள் கூடாரத்துக்குள் செய்ய நினைத்த அதே ஈரத் துணி வேலைதான் இது. காற்றோட்டத்தில் வைத்தால் பலன் தரும்.

இரவில் கதை வேறு. வானம் தெளிவாக இருந்தால் திறந்த தரை சூட்டை விட்டுச் சீக்கிரம் ஆறும். கூரைக்கடியில் சூடு தங்கும். எனவே இரவில் பந்தலைவிட்டு வெளியே வந்து படுப்பதுதான் சுகம். ஆனால் கண்மாய்க் கரை, கருவேலங்காடு, கோடைக்காலம் என்றால் கட்டுவிரியனை நினைக்காமல் இருக்க முடியாது. தரையில் படுத்திருப்பவர்களை இரவில் கடிக்கும் பாம்பு அது. கடித்தது வலிக்காது, பல்தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தூக்க முடியாமை என்று ஆரம்பிக்கும். அதனால் வெளியே படுக்கலாம், ஆனால் வெறும் பாயில் வேண்டாம். கயிற்றுக் கட்டில் நான்கைந்து வாடகைக்குக் கிடைக்கிறதா பாருங்கள். அடியிலும் காற்று போவதால் முதுகு வேகாது. பெரியவர்களுக்குக் கட்டாயம் அதுதான். மற்றவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகிப் படுக்க வேண்டும். கொசு, தேள், பாம்பு மூன்றுக்கும் அது ஒன்றே காவல். இரவில் எழுந்து போகிறவர் கையில் டார்ச், காலில் செருப்பு.

உங்கள் ஃபேன்கள் வீண் இல்லை. ஆனால் 40 டிகிரிக்கு மேல் போனால், காய்ந்த தோலில் ஃபேன் காற்றை விடுவது சூட்டை ஏற்றத்தான் செய்யும். முதியவர்களுக்கு அதற்கு முன்பே அப்படி ஆகலாம். ஈரத் துண்டால் கை, கழுத்து, மார்பை நனைத்துவிட்டு விடுங்கள். கூடவே பனையோலை விசிறி பத்து வாங்கிப் போடுங்கள், சார்ஜ் தீராது.

தண்ணீர்க் கணக்கு

"குடிக்க இருபது கேன் சொல்லியிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். 20 லிட்டர் கேன் இருபது என்றால் 400 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் வைத்தாலும் இருபத்தைந்து பேருக்கு மூன்று நாளில் 375 லிட்டர். குடிக்க ஒருவழியாகப் போதும். சமைக்க, உடம்பை நனைக்க, குளிக்க, கழுவ எதுவும் மிஞ்சாது. நான் பார்த்த வரையில் இப்படிப்பட்ட தங்கல்களில் குறைபடுவது இந்தத் தண்ணீர்தான். குடிக்கும் தண்ணீரை மட்டும் எண்ணிவிட்டு, தோலுக்கு வேண்டிய தண்ணீரை மறந்துவிடுகிறோம். ஊராட்சியிலோ லாரிக்காரரிடமோ சொல்லி ஒரு டேங்கர் ஏற்பாடு செய்யுங்கள். தொட்டியை நிழலில் வையுங்கள். வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டித் தண்ணீர் மதியம் குளிக்கவே ஆகாது.

குடிதண்ணீரை மண்பானையில் மாற்றி, ஈர மணல்மேல், காற்று படும் நிழலில் வையுங்கள். பெயின்ட் அடித்த பானை வேண்டாம், அது கசியாது, கசியாவிட்டால் குளிராது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி ஒரு டம்ளர். வெயிலில் வேலை செய்பவர்கள் 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை. அதே சமயம் ஒரே மூச்சில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடிப்பதும் தவறு. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரலாம். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். உப்புப் போட்ட மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு, கஞ்சி எல்லாமே நல்லவை.

குளுக்கோஸ் பொடியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான். வியர்வையில் போன உப்பை அது ஈடு செய்யாது. ஓஆர்எஸ் பாக்கெட் இருபது வாங்குங்கள். பெரிய பாக்கெட் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். அரை டம்ளரில் கெட்டியாகக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இது எல்லோரும் சும்மா குடிக்கும் பானம் இல்லை. நிறைய வியர்த்துக் களைத்தவருக்கு, வயிற்றுப்போக்கு வந்தவருக்கு.

மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பார் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை, ஆனால் குடிக்கும் நீரில் அதைப் போடாதீர்கள். அந்த ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்காது. மரத்தூளில் புதைத்து, சாக்குச் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். அது அவசரத்துக்கு.

பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நானாகக் கேட்கிறேன். அங்கே பெண்களுக்குக் கழிப்பிடம் என்ன ஏற்பாடு? கடிதத்தில் பந்தி இருக்கிறது, மைக் செட் பேட்டரி இருக்கிறது, இது இல்லை. திருவிழாவுக்குப் போய் மயங்கி விழுந்து வரும் பெண்களைக் கேட்டால், "காலையிலிருந்து தண்ணி குடிக்கலை டாக்டர்" என்பார்கள். ஏன் என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒதுங்க இடம் இல்லை, இருட்டும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும், அதனால் குடிப்பதில்லை. பட்டுப்புடவை கட்டி, அடுப்படியில் நின்று, பகல் முழுக்க தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மருமகள்கள்தான் இந்த மூன்று நாளில் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்கள். மாமனாருக்கு அடுத்தபடியாக நான் கவலைப்படுவது உங்களுக்காகத்தான். சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகிறது, கர்ப்பிணிக்கு அது கூடவே கூடாது.

கீற்று அல்லது தார்ப்பாயால் மறைப்புக் கட்டி, குழி வெட்டி, தாழ்ப்பாளோடு இரண்டு தடுப்பு, பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர், இரவில் ஒரு விளக்கு. பந்தல் போடும் ஆளே செய்துவிடுவார். பங்காளிகள் கூட்டத்தில் இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், டாக்டர் சொன்னார் என்று சொல்லட்டும். அப்புறம் சமையல். பதினோரு மணிக்குள் அடுப்பு அணைய வேண்டும். கிடா வெட்டும் அன்று கறியை அன்றே சமைத்து அன்றே முடியுங்கள். மிச்சக் கறியை இரவுக்கு வைத்து, அதனால் வயிற்றுப்போக்கு வந்தால், இந்த வெயிலில் உடம்பில் இருக்கும் நீரும் போய்விடும்.

மருந்து சாப்பிடுபவர்கள்

மாமனாரின் மாத்திரைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதில் இருப்பது டெல்மிசார்ட்டான் என்ற கொதிப்பு மருந்தும் நீர் மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தது. நீங்கள் நீர் மாத்திரை என்று நினைத்து நிறுத்தினால் கொதிப்பு மருந்து மொத்தமும் நின்றுவிடும். நிறுத்தாமல் வெயிலில் காய்ந்தாலும் கஷ்டம்தான். உடம்பில் நீர் வற்றும்போது இந்த மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளி, சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அவருடைய டாக்டரிடம் கூட்டிப்போய், அழுத்தம் பார்த்து, சிறுநீரகத்துக்கும் உப்புக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, அந்த மூன்று நாளைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். முடிவு அந்த டாக்டருடையது. இன்னொன்று, நடந்துவிட்டுக் கால் வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை போட விடாதீர்கள். இந்தக் கொதிப்பு மருந்து, நீர் வற்றல், வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து ஒரே நாளில் சிறுநீரகத்தைப் படுக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாமியாரின் இன்சுலினைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பென் (பேனா வடிவ ஊசி) ஒன்று, 30 டிகிரிக்குள் இருந்தால், பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை தாங்கும். ஃபிரிட்ஜில் இருக்கும் மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் மணல் நிரப்பி நனைத்து, சின்னப் பானைக்குள் பென்னை பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள், மேலே ஈரத் துணி. ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். உறைந்துபோன இன்சுலின் மருந்தே இல்லை. காரின் டேஷ்போர்டில் வைப்பது அதைவிட மோசம். சூட்டில் இன்சுலின் ரத்தத்தில் சீக்கிரம் ஏறும், கூடவே திருவிழா விரதம். சர்க்கரை திடீரென்று இறங்கும். மயக்கமாக இருக்கிறார் என்றால் வெயில்தான் காரணம் என்று நினைத்துவிடாமல், முதலில் சர்க்கரையைப் பாருங்கள். சோதனை ஸ்ட்ரிப்பும் சூடு தாங்காது, அதையும் அதே பானைக்குள்.

நாத்தனார் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: இரவுத் தங்கல் வேண்டாம். கிடா வெட்டும் நாள் விடியற்காலையில் வந்து கும்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் கிளம்பட்டும். ஆறு மாத வயிறு சூட்டையும் நீர் வற்றுவதையும் சரியாகத் தாங்காது, அவருடைய மகப்பேறு மருத்துவரும் இதையேதான் சொல்வார்.

காரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான். பக்கத்து டவுனில் ஏசி அறை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மாமனார், மாமியார், பையன் மூவரும் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை அங்கே போய்ப் படுத்துவிட்டு வரட்டும். நாளில் இரண்டு மூன்று மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இருந்தாலே உடம்பு தேறிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கூடாரத்துக்குக் கொடுத்த காசைவிட இது பெரிய செலவாகாது. சாமிக் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பரவாயில்லை.

குடிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடா விருந்தில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். குடித்துவிட்டு மதியம் மர நிழலில் படுத்தவரைவிட்டு நிழல் நகர்ந்து போய்விடும், அவருக்குத் தெரியாது. "போதையில் தூங்குகிறான்" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அப்படிப் படுத்திருப்பவரை அரை மணிக்கொரு தரம் எழுப்பிப் பேசவைக்க ஓர் ஆளை வையுங்கள்.

ஜன்னி பயம்

மாமியாரின் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. வெயில் தாக்கி மயங்கியவருக்குத் தண்ணீர் ஊற்றும்போதே சில சமயம் வலிப்பு வந்துவிடும். பார்த்தவர்கள் தண்ணீரால் வந்தது என்று நினைத்தார்கள். வலிப்பு வந்தது மூளை சூடேறியதால். தண்ணீர் ஊற்றத் தாமதித்ததுதான் பிழை. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அவசரத்தில் கையைப் பிடித்துத் தடுப்பவர் அவராக இருக்கக்கூடும்.

களைப்பு, தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, நிறைய வியர்வை, ஆனால் பேச்சு தெளிவு என்றால் அது வெயில் அயர்ச்சி. நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, துணி தளர்த்தி, நனைத்து விசிறி, ஓஆர்எஸ் கொடுத்தால் அரை மணியில் தெளிவார். பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் உளறுகிறார், தள்ளாடுகிறார், ஆளைத் தெரியவில்லை, நினைவு தப்புகிறது என்றால் அது வெப்பவாதம், ஹீட் ஸ்ட்ரோக். உள்ளுடம்பு 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது தவறு. பால்குடம் எடுத்து நடந்து விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

அப்போது ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரை மணிக்குள் சூட்டை இறக்கினால் ஆள் பெரும்பாலும் பிழைப்பார். உங்களிடம் தார்ப்பாய் இருக்கிறதே, அதில் அவரைக் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அது ஒரு தொட்டி. அதில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் பாரை உடைத்துப் போட்டு, உடம்பு முழுவதும் நனையும்படி கலக்கிவிடுங்கள். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், ஒருவர் அதைத் தாங்கிப் பிடிக்கட்டும். இவ்வளவு தண்ணீர் இல்லையென்றாலோ, ஆள் மிகவும் வயதானவர் என்றாலோ, உடம்பு முழுக்க விடாமல் நனைத்து, நான்கு பேர் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் வேண்டாம். காய்ச்சலில் உடம்பு தானாகச் சூட்டை ஏற்றிக்கொள்கிறது, அதை அந்த மாத்திரை இறக்கும். இங்கே சூடு வெளியே இருந்து ஏறியது. மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை, கல்லீரலுக்குத் தொல்லைதான்.

கோயிலில் செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் இரவில் திறந்திருக்குமா, அங்கே பாம்புக்கடி மருந்து இருக்கிறதா என்று முன்னதாக ஒருவரை அனுப்பிக் கேட்டுவையுங்கள். இத்தனை பேர் தங்கப்போகிறோம் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவைக்கலாம், ஓஆர்எஸ்ஸும் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது.

போகலாமா?

போகலாம். எல்லோரும் மூன்று இரவும் போக வேண்டும் என்பதில்லை. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்து, பெரியவர்கள் தவிர மற்றவர்கள், தினமும் மாலையில் ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம் நடந்து வியர்க்கப் பழகுங்கள். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஏசி அலுவலகத்திலிருந்து நேராகக் கருவேலங்காட்டுக்கு இறங்குபவருக்கு முதல் இரண்டு நாள்தான் கடினம்.

மாமனாரின் பால்குடத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். பல வருடம் காத்திருந்த நேர்த்திக்கடன் அது, மனசுக்கும் ஓர் உடம்பு உண்டு. நேரத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். பூசாரியிடம் நீங்கள் பேசுவதைவிட, பங்காளிகளில் மூத்தவர் பேசினால் காரியம் ஆகும். சூரியன் ஏறுமுன், ஆறு மணிக்குள் பால்குடம் கோயிலைச் சேர்ந்துவிட்டால், தரையும் காலைச் சுடாது. நடுப்பகல்தான் என்று பிடிவாதமாகச் சொன்னால், கோயிலைச் சுற்றி ஒரு சுற்றோடு முடிக்கலாம். பாதையில் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளித்து, தலையில் ஈரத் துண்டு கட்டி, உங்கள் கணவர் குடத்தோடு கூடவே நடக்க வேண்டும். விரதம் என்றாலும் தண்ணீரும் மோரும் விரதத்தில் சேராது என்று பூசாரி வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள், மாமனார் கேட்பார்.

இன்னொரு விஷயம், சூடு நாளுக்கு நாள் சேரும். முதல் நாளைத் தாங்கியவர் மூன்றாம் நாளையும் தாங்குவார் என்று கணக்குப் போடாதீர்கள். தினமும் காலையில் பெரியவர்கள் இருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: ராத்திரி தூங்கினீர்களா, சிறுநீர் எத்தனை தடவை போனீர்கள், என்ன நிறம். தூக்கம் இல்லை, சிறுநீர் அடர்மஞ்சளாகக் கொஞ்சமாகத்தான் போகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால், கும்பிடு பாக்கி இருந்தாலும் அன்று காலை வெயில் ஏறுவதற்குள் அவரைக் காரில் ஏற்றிவிடுங்கள். மிச்சத்தைப் பங்காளிகள் முடித்துப் பிரசாதம் கொண்டு வரட்டும்.